கொழுந்தா இருக்கையிலேயே

பெரியம்மா தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பையைப் பார்ப்பதில்லை. காதைக் கொடுத்துக் கேட்கிறார். கோப்பை நிறைய நிறைய, நீர் விழும் சத்தம் மெலிந்து ஏறும். ஏறிய இடத்தில் கேத்தலை நிமிர்த்திவிடுவார். தகரத்தில் மழை கொட்டாத நாட்களில் இந்த வித்தை பலிக்கும். நான் பூண்டுலோயாவுக்குப் போயிருந்த அன்று விடியலிலிருந்தே மழை. தேத்தண்ணி கோப்பையைத் தாண்டி, தட்டைத் தாண்டி, மேசையில் விரித்திருந்த பழைய பேப்பரில் ஓடியது.

"ஊத்திட்டேனா?"

"கொஞ்சந்தான் பெரியம்மா."

"சாயமாவது சரியா இருக்கா?"

சாயம் கறுத்துக் கிடந்தது. நாற்பது வருசம் கொழுந்தெடுத்தவர், கோப்பையைப் பார்த்ததுமே டஸ்ட் தூளா பி.ஓ.பி.யா என்று சொல்லக்கூடியவர். அவருக்கா சாயம் தெரியவில்லை? தெரியாதுதான். கண்ணில் வெள்ளை விழுகிறது என்று நாம் சொன்னாலும், வயதானவர்களுக்கு வருகிற புரை பெரும்பாலும் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. நீல நிறத்தைத்தான் அது முதலில் தின்னும். கண்ணுக்குள்ளேயே ஒரு சாயத்தண்ணி வடி இருக்கும்போது, வெளியே கோப்பையில் இருக்கிற சாயத்தை எதை வைத்து மதிப்பது?

நான் வைத்தியன் இல்லை. சொந்தக்காரர்களைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வாங்கில் காத்துக் கிடந்தே பாதி கற்றவன். மீதியை வாசித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அளவில் பெரியம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று கோப்பைத் தேத்தண்ணி ஆயிற்று.

தோட்டத்து டாக்டர் ஐயா புரையை எடுத்துவிடச் சொல்லி இரண்டு வருசம் ஆகிறதாம். போகாததற்குப் பெரியம்மாவிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, "இன்னும் முத்தலையாமே. முத்தட்டும், எடுத்துக்கலாம்." மற்றதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நுவரெலியாவுல அந்த ஆளுங்களுக்குக் கண்ணு போயிருச்சே தம்பி."

இரண்டுமே வெறும் பேச்சு இல்லை. முதலாவது ஒரு காலத்தில் முழு உண்மை. இரண்டாவது நேற்று நடந்த உண்மை. முதலாவதிலிருந்தே ஆரம்பித்தேன்.

புரை என்பது கண்ணின் மேலே படர்கிற தோல் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பால் ஆடையை வழிப்பது போல அதை வழித்தெடுப்பார்களாம். அதனால்தான், "நல்லாப் படரட்டும், உரிக்க லேசா இருக்கும்" என்ற எண்ணம். உண்மையில் கண்ணின் மேற்பரப்பில் எதுவும் படர்வதில்லை. முன்னால் இருப்பது கண்ணாடி போன்ற கருவிழிப் படலம். அதற்குப் பின்னால் நிறத்திரை, அதன் நடுவில் பாப்பா என்கிற கறுப்பு ஓட்டை. அந்த ஓட்டைக்கும் பின்னால்தான் லென்ஸ் இருக்கிறது. லத்தீன் மொழியில் பருப்புக்குப் பெயர் லென்ஸ். நாம் கறி வைக்கிற மைசூர்ப் பருப்பைத் தோலோடு முழுசாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் உப்பின அதே வடிவம். அளவில் மட்டும் பெரிது. குறுக்கே 9 அல்லது 10 மில்லிமீற்றர், தடிப்பு 4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

அது ஏன் மங்குகிறது? மார்கழிப் பனியில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள் என்றேன். இரவு தண்ணீர் மாதிரி இருந்தது காலையில் வெள்ளைவெளேர் என்று கட்டியாகியிருக்கும். பொருள் அதேதான், உள்ளே இருந்த அடுக்கு மாறிவிட்டது. லென்ஸுக்குள் இருக்கிற புரதங்களும் வயது ஏற ஏற இப்படித்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரள்கின்றன. சீனி வருத்தம், ஸ்டீரொயிட் மருந்துகள், புகைத்தல், கண்ணில் பட்ட அடி எல்லாம் அதை விரைவாக்கும். காலமெல்லாம் வெயில் வாங்கின கண்ணுக்கும் அது சீக்கிரம் வரலாம். விறகடுப்புப் புகைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக இந்தியாவிலும் நேபாளத்திலும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மலையும் அடுப்புமாகவே கழிந்த கண்கள் நம் பெண்களுடையவை. வேறு என்ன சொல்ல.

ஆனால் எண்ணெய்க்கும் கண்ணுக்கும் ஒரு வித்தியாசம். போத்தலை வெயிலில் வைத்தால் எண்ணெய் இளகும். லென்ஸ் இளகாது. சொட்டு மருந்தோ, தேனோ, முலைப்பாலோ, டவுன் கடையில் விற்கிற எண்ணெயோ, திரண்ட புரதத்தைக் கரைத்ததாக இதுவரை இல்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும். எப்படி எடுப்பது என்பதில்தான் கதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

லயத்துக் கோடியில் ஒரு கோப்பி மரம் நிற்கிறது. இந்த மலைகளில் தேயிலை வருமுன் கோப்பிதானே விளைந்தது, அதன் மிச்சம். அந்தப் பழத்தை வைத்துச் சொன்னால் பெரியம்மாவுக்கு விளங்கும் என்று பட்டது. மேலே தோல், உள்ளே சதை, நடுவில் கொட்டை. கண் லென்ஸும் அப்படியே: மெல்லிய உறை, மெதுவான சதை, கெட்டியான கரு.

மிகப் பழைய முறையில் பழத்தைப் பறிப்பதே இல்லை. சுஸ்ருதர் பெயரில் உள்ள நூலிலேயே விவரம் இருக்கிறது. கூரான கோலைக் கண்ணின் பக்கமாக விட்டு, மங்கின லென்ஸைக் கண்ணின் ஆழத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வழியை மறித்து நிற்கிற ஆளைக் கிணற்றில் தள்ளிவிட்டு நடக்கிற மாதிரி. கொஞ்சம் வெளிச்சம் வரும். பிறகு கிணற்றுக்குள் கிடக்கிறவன் சும்மா இருக்க மாட்டான். பல கண்கள் சீழ்பிடித்துப் போயின. 1740களின் கடைசியில் பிரான்ஸில் ஜாக் டாவியேல் என்ற வைத்தியர்தான் கருவிழியைத் திறந்து லென்ஸை வெளியே எடுக்கும் வழியை நிலைநாட்டினார்.

அதன்பின் இருநூறு வருசம் போல வழி அதுதான். எங்கள் அம்மாயி, அதாவது பெரியம்மாவின் தாயார், செய்துகொண்டதும் அதன் ஒரு வடிவம். பழத்தைத் தோலோடு முழுசாகப் பிடுங்குவது. விழியைப் பாதி வட்டத்துக்கு வெட்டித் திறந்தார்கள், தையல் போட்டார்கள். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாட்கணக்கில் மல்லாத்திப் போட்டார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது. லென்ஸை எடுத்தார்களே தவிர, பதிலுக்கு எதையும் வைக்கவில்லை. வைக்க அன்று எதுவும் கையில் இல்லை. அதனால்தான் அம்மாயி போட்டிருந்த அந்தச் சோடாப் போத்தல் கண்ணாடி. கூட்டல் பத்து நம்பர் அளவில். அதைப் போட்டால் எல்லாம் கால்வாசி பெரிதாகத் தெரியும். படி இருக்கும் இடத்தில் கால் வைத்தால் படி அங்கே இருக்காது. கண்ணாடியைக் கழற்றினால் மகளையும் மருமகளையும் பிரித்துத் தெரியாது.

இப்போது "முத்தட்டும்" எங்கிருந்து வந்தது என்று விளங்கும். முத்தாத லென்ஸின் சதை பசை மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும், முத்தினால் சுத்தமாகக் கழன்று வரும். அதைவிடப் பெரிய காரணம் அந்தக் கண்ணாடிதான். ஒரு கண்ணை மட்டும் செய்தால் ஒரு கண்ணுக்கு உலகம் பெரிது, மற்றதுக்குச் சிறிது. மூளையால் இரண்டையும் ஒட்ட முடியாது. ஆகவே இரண்டு கண்ணும் அநேகமாகப் போகட்டும் என்று காத்திருப்பதே புத்தி. அந்தக் கால வைத்தியர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். நாம்தான், வைத்தியம் மாறின பிறகும் சொல்லை மாற்றவில்லை.

முதல் மாற்றம் யுத்தத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானிகள் சிலரின் கண்ணுக்குள், உடைந்த விமானக் கூண்டின் பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் புகுந்துவிட்டன. ஹரல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் அந்தக் கண்களைக் கவனித்துவந்தார். இரும்புத் துணுக்கு என்றால் கண் எரிந்து சிவந்து துரத்தப் பார்க்கும். இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் கண் பேசாமல் ஏற்றுக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறு ஒன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். ரிட்லி அந்தக் கேள்வியையும் சில்லையும் ஒன்றாகச் சேர்த்தார். 1949 நவம்பர் 29ஆம் திகதி லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் போனது. சக வைத்தியர்கள் பலர் அவரை ஏசித் தீர்த்தார்கள். கண்ணுக்குள் இருந்து எடுப்பதுதான் வைத்தியம், கண்ணுக்குள் வைப்பதா? ஏச்சு அடங்க முப்பது வருசம் பிடித்தது. முதுமையில் ரிட்லிக்கும் புரை வந்தது. அவர் கண்டுபிடித்த மாதிரி லென்ஸையே அவருடைய இரண்டு கண்ணிலும் வைத்தார்கள், அதே ஆஸ்பத்திரியில்.

"செத்தவங்க கண்ணத்தான் வைப்பாங்கன்னு நெனச்சேன்," என்றார் பெரியம்மா.

இந்தக் குழப்பம் இலங்கையில் நிறையப் பேருக்கு உண்டு, வருவதும் நியாயம். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம், இந்த நாட்டிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜயவர்தனவின் ஒரு கண்ணும்கூட யப்பானுக்குப் போனது. ஆனால் அங்கே பொருத்தப்படுவது முன்பக்கத்துக் கருவிழிப் படலம் மட்டும். யன்னல் கண்ணாடி உடைந்தவர்களுக்கு. பெரியம்மாவின் யன்னல் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற பருப்புத்தான் கெட்டது. அதற்குப் பதில் வருவது தொழிற்சாலையில் செய்த லென்ஸ். யாரும் சாக வேண்டியதில்லை.

இரண்டாவது கோப்பை வந்தது. இந்த முறை நான் ஊற்றினேன்.

லென்ஸ் வைப்பதென்றால் அது உட்கார இடம் வேண்டும். பழத்தைத் தோலோடு பிடுங்கிவிட்டால் எதில் வைப்பது? ஆகவே தோலை விட்டுவைக்கப் பழகினார்கள். உறையின் முன்பக்கத்தில் ஒரு வட்டத்தை மட்டும் கிழித்து எடுத்து, கோப்பிப் பழத்தைப் பிதுக்குகிற மாதிரி கொட்டையை வெளியே தள்ளி, சதையை உறிஞ்சி எடுத்துவிடுவது. உறை ஒரு வெறும் பை போல அப்படியே நிற்கும். அந்தப் பைக்குள் புது லென்ஸ். இந்தப் பைதான் இன்றைய அறுவையின் உயிர். அதன் பின்சுவர் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நாலு பங்கு அளவுதான். தலைமுடியை விடப் பல மடங்கு மெலிது. அதைக் கிழிக்காமல் வேலையை முடிப்பதுதான் கைத்திறன்.

ஆனால் முழுக் கொட்டையும் வெளியே வர வேண்டுமானால் வாசல் பெரிதாக இருக்க வேண்டும். 10, 12 மில்லிமீற்றர் வெட்டும் தையலும் தேவைப்பட்டன. வாசலைச் சிறிதாக்கினவர் நியூயோர்க்கைச் சேர்ந்த சார்ல்ஸ் கெல்மன். 1960களில் பல் வைத்தியரிடம் போய் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பல் அழுக்கைத் தட்டி உதிர்க்கிற அல்ட்ராசவுண்ட் ஊசியின் அதிர்வு அவருக்குப் பொறி தட்டியது. பல்லை அசைக்காமல் அழுக்கை மட்டும் உடைக்கிறதே, பையை அசைக்காமல் கொட்டையை மட்டும் உடைக்காதா? 1967இல் முதன்முதலாக மனிதக் கண்ணில் செய்தார். மனுசன் சக்சபோன் வாசிக்கிற ஜாஸ் கலைஞரும்கூட. அதிர்வைப் பற்றி யோசிக்க அதுவும் உதவியிருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம், ஆதாரம் கேட்காதீர்கள்.

இன்று நடப்பது இதுதான். அரைக் குத்தரிசி நீளத்துக்கு, அதாவது இரண்டே கால் முதல் மூன்று மில்லிமீற்றருக்குள், கருவிழி ஓரத்தில் ஒரு கீறல். கண் சப்பிப்போகாமல் இருக்க உள்ளே ஒரு வழுவழுப்பான கூழை நிரப்புகிறார்கள். அந்தக் கூழ் முதன்முதலில் புழக்கத்துக்கு வந்தபோது சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பெரியம்மா சிரித்துவிட்டார். "கொழம்புக்குக் கூட ஆகாததுன்னு வெட்டிப் போட்டோமே!" பிறகு பையின் முன்சுவரில் ஐந்து மில்லிமீற்றர் அளவில் ஒரு வட்டம். அதன் வழியே ஊசி இறங்கி, வினாடிக்குச் சுமார் நாற்பதாயிரம் தடவை அதிர்ந்து கொட்டையை உடைக்கிறது. உடைக்க உடைக்க அதே ஊசி உறிஞ்சியும் கொள்கிறது. புது லென்ஸின் வட்டம் மட்டும் ஆறு மில்லிமீற்றர். வாசலோ மூன்றுகூட இல்லை. பாய் மாதிரிச் சுருட்டி உள்ளே விட்டால், பைக்குள் போய்த் தானே விரிந்துகொள்ளும். தையல் இல்லை. கீறல் சாய்வாகப் போடப்படுவதால் கண்ணின் அழுத்தமே அதை மூடிவிடும். சிக்கல் இல்லாத கண் என்றால் கால் மணி நேரம், இருபது நிமிசம். மயக்கமும் இல்லை. சொட்டு மருந்தாலோ கண்ணுக்குப் பக்கத்தில் போடும் ஊசியாலோ மரத்துப்போகச் செய்வார்கள். வெளிச்சம் தெரியும், தண்ணீர் ஓடுவது தெரியும், கத்தி தெரியாது.

இதைத்தான் ஊரில் "லேசர் ஒப்பரேஷன்" என்கிறார்கள். பெயர் தப்பு, இது அல்ட்ராசவுண்ட். லேசரால் கீறலும் வட்டமும் போடுகிற இயந்திரம் உண்டு, 2008இல் ஹங்கேரியில் தொடங்கியது. விலை யானை விலை. பிரான்ஸில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண முறையை விட அது பார்வையைக் கூட்டித் தந்ததாகத் தெரியவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் அதற்கென்று கடன் வாங்கிக் காசு கட்ட நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். பல தூரங்களுக்கும் தெரிகிற விலை கூடின லென்ஸுகளும் அப்படியே. ஒரே தூரத்து லென்ஸை வைத்துக்கொண்டு, பேப்பர் வாசிக்கவும் அரிசி புடைக்கவும் சாதாரணக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டால் நம் தேவைக்குப் போதும் என்பது என் கட்சி.

இப்போது "முத்தட்டும்" என்ன ஆகிறது பாருங்கள். கொட்டையை உடைத்து உறிஞ்சுகிற வித்தைக்குக் கொட்டை கல்லாகிப் போவது எதிரி. கெட்டியாகக் கெட்டியாக அதிர்வும் சூடும் கூடுதலாகத் தேவைப்படும். கருவிழியின் உட்பக்கத்தில், அதைத் தெளிவாக வைத்திருக்கிற செல்கள் ஒரே அடுக்காக இருக்கின்றன. ஒரு தடவை செத்தால் திரும்ப முளைக்காதவை அவை. அடி விழுவது அவற்றுக்கு. முற்றிலும் வெளுத்த லென்ஸ் என்றால் பிரச்சினை வேறு. அது ஊதி உள்ளே அழுத்தத்தை ஏற்றலாம், கசிந்து கண்ணை நெருப்பாகச் சிவக்க வைக்கலாம். அப்போது போவது நரம்பு. நரம்புக்குப் பதில் வைக்க இன்னும் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

"முத்தின இலைய எடுத்துட்டுப் போனா கங்காணி என்ன செய்வார் பெரியம்மா?"

"கூடையக் கவுத்து ஏசுவார். ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு எத்தன தடவ சொல்றதுன்னு."

"கண் டாக்டரும் இப்ப அதத்தான் சொல்றார். கொழுந்தா இருக்கையிலேயே வாங்கன்னு."

பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அதற்காக லேசாக மங்கின உடனே ஓட வேண்டும் என்றும் இல்லை. அன்றாட வேலை தடைப்படத் தொடங்கினால் அதுவே நேரம். லயத்துப் படியில் இறங்கப் பயமாக இருக்கிறதா, எதிரில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரியவில்லையா, இரவில் லைட்டைச் சுற்றி வட்டம் தெரிகிறதா? இந்த மலைச் சரிவில் வாழ்கிறவருக்குப் படி தெரியாமல் விழுந்து இடுப்பு ஒடிவது கண்ணை விடப் பெரிய செலவு.

எல்லா இடத்திலும் அந்த அல்ட்ராசவுண்ட் இயந்திரம் இருக்காது. முத்தின புரைக்கு அதைத் தவிர்ப்பதும் உண்டு. அப்போது கையால் செய்கிற முறை இருக்கிறது. வெள்ளை விழியில் ஆறேழு மில்லிமீற்றருக்குச் சுரங்கம் போலச் சாய்வாக ஒரு வழி வெட்டி, கொட்டையை முழுசாக அதன் வழியே வழுக்கி வெளியே எடுப்பது. சுரங்கம் தானே மூடிக்கொள்ளும். அநேகமாகத் தையல் இல்லை. "மெசின் இல்லையாம், பழைய முறையாம்" என்று சிலர் முகம் சுளிப்பதைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். நேபாளத்தில் சந்துக் ருயிட்டின் குழு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டது. ஆறு மாதம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கை நன்றாக இருந்தால் போதும்.

கை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. 1918இல் தமிழ்நாட்டின் வடமலாபுரத்தில் பிறந்த டொக்டர் கோ. வெங்கடசாமி. இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே கஷ்டப்பட்டவர், கத்தி பிடிக்கப் பழகி, தன் கைக்கேற்ற கருவிகளும் செய்துகொண்டு, ஆயுளில் ஒரு லட்சம் அளவில் கண் அறுவை செய்தார். அரசாங்க வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 கட்டிலோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். காசு கொடுப்பவரும் கொடுக்க முடியாதவரும் அங்கே ஒரே வைத்தியர்களின் கைக்குத்தான் போகிறார்கள். இடைஞ்சலாக நின்றது லென்ஸ் விலை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டொலருக்கும் மேல். 1992இல் மதுரையிலேயே ஓரோலாப் என்று தொழிற்சாலை வைத்துப் பத்து டொலர் அளவுக்கு விலையைக் கொண்டுவந்தார்கள். பெரியம்மாவின் அக்கா சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். அவருக்கு ஒரு கண் முகாமில் பிடித்துப்போய்ச் செய்தார்களாம். "அக்கா கடுதாசியில எழுதியிருந்தா, செவுத்துல பல்லி ஓடுறது தெரியுதுன்னு." அதற்கு முன்னால் பல்லி சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

மூன்றாவது கோப்பை. இனி இரண்டாவது காரணத்துக்கு வர வேண்டியிருந்தது.

2023 ஏப்ரல். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலம். நுவரெலியா ஆஸ்பத்திரியில் புரை எடுத்துக்கொண்ட சிலருக்கு, பிறகு விட்ட பிரெட்னிசோலோன் சொட்டு மருந்துக்குப் பின் கண்ணில் தொற்று வந்து பார்வை பாதிக்கப்பட்டது. மருந்து இந்தியாவிலிருந்து இறக்குமதியானது. சந்தேகம் அதன் மேல் விழுந்ததும் பாவனையிலிருந்து விலக்கினார்கள். பத்திரிகையிலும் பாராளுமன்றத்திலும் பேசினார்கள். அறுவை சரியாக நடந்த பிறகு, ஆறவைக்கக் கொடுத்த மருந்தே கெடுத்தது என்பதுதான் இதில் நெஞ்சை அறுக்கிற விசயம். புண்ணில் வீக்கம் தணிய விடுகிற சொட்டு அது. வீக்கத்தோடு உடம்பின் எதிர்ப்பையும் கொஞ்சம் தணிக்கும். அதிலேயே கிருமி இருந்தால், காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கள்ளனை உள்ளே விட்ட கதை. நோயாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. தடுத்திருக்க வேண்டியவர்கள் மருந்தைச் செய்தவர்களும், வாங்கினவர்களும், சோதிக்காமல் விட்டவர்களும். இதைப் பூசி மெழுகி, "பயப்படாதீங்க பெரியம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தொற்று என்பது இந்த அறுவையில் எப்போதும் உள்ள ஆபத்து. ஆயிரத்தில் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. அதைக் குறைக்கவும் வழி வந்திருக்கிறது: அறுவை முடிகிற நேரத்திலேயே கண்ணுக்குள் ஒரு துளி அன்டிபயொடிக் விடுவது. அரவிந்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களின் கணக்கைப் பார்த்தார்கள். விடாதபோது பத்தாயிரத்தில் ஏழு பேருக்கு வந்த தொற்று, விட்ட பிறகு இரண்டு பேருக்குக் குறைந்தது. பெரியம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அந்த ரெண்டு பேருல நானா இருந்தா?" இந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கிலும் பதில் இல்லை. சும்மா இருந்தால் இந்தக் கண் போவது மட்டும் நிச்சயம் என்றேன். தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டாரா, மழையைப் பார்த்தாரா தெரியவில்லை.

தொற்று வந்தாலும், மணிக்கணக்கு முக்கியம். அறுவைக்குப் பிறகு கண் கரகரப்பது, கண்ணீர் வருவது சாதாரணம். வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு கூடினால், நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாவிட்டால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் வண்டி பிடித்துப் போக வேண்டும். தோட்டத்தில் நம் பழக்கம் நேர் எதிர். விடியட்டும், பேர் போட்டு வந்துடுறேன், சனிக்கிழமை பார்க்கலாம். இதில் மட்டும் அந்தப் பழக்கம் ஆகாது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விசயம். போத்தல் மூடி உடையாமல் இருக்கிறதா, திகதி தாண்டவில்லையா என்று பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு விடச் சொல்லுங்கள். போத்தல் நுனி கண்ணில் படக் கூடாது. பக்கத்துக் காம்பராக்காரருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பில் குனிந்து ஊதக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது.

"அடுப்ப யாரு ஊதுறது?"

"மருமக ஊதட்டும்."

"அவ எங்க, பெரட்டுக்கு ஏழு மணிக்கே போயிருவா." உண்மையில் இதுதான் மூன்றாவது காரணம் என்று அப்போது பட்டது. அவர் அதைக் காரணமாகச் சொல்லவே இல்லை.

முதலில் கிளினிக் ஒன்று இருக்கும். சீனியும் பிரஷரும் பார்ப்பார்கள், கண்ணின் பின்பக்கம் நன்றாக இருக்கிறதா என்று சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பின்சுவர் கெட்ட வீட்டுக்கு முன்யன்னலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பிறகு கண்ணை அளப்பார்கள். கண்ணின் நீளம் 23, 24 மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் கண்ணாடி நம்பர் மூன்று வரை பிழைக்கும். அளக்கும்போது ஆடாமல் இருக்கச் சொன்னால் ஆடாமல் இருக்க வேண்டும். லென்ஸ் அங்கேயே இருக்கிறதா, வெளியே வாங்க வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு ஒரு விசயம் தனியாகச் சொன்னேன்: மூத்திரம் போகக் கஷ்டம் என்று டாம்சுலோசின் குளிசை குடிக்கிறவர் என்றால், அதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது நிறத்திரையைத் துவள வைக்கும். தெரிந்திருந்தால் டாக்டர் அதற்கேற்ற மாதிரி செய்வார். "மூத்திரத்துக்கும் கண்ணுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் பெரியப்பா. 2005 வரைக்கும் கண் டாக்டர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பவும் வெள்ளை விழுமாமே? தலவாக்கலை மாமிக்கு விழுந்துச்சு."

விழுந்தது வெள்ளை இல்லை. விட்டுவைத்த பையின் பின்சுவரில் மிஞ்சின செல்கள் சிலருக்கு மாதங்கள், வருசங்கள் கழித்துப் படர்ந்து மங்கும். இதற்குத்தான் நிஜமான லேசர். கத்தி இல்லை, நாடியை ஒரு தாங்கியில் வைத்தால் சில நிமிசத்தில் நடுவில் ஒரு யன்னல் திறந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் லென்ஸ் தானாகப் புரை பிடிக்காது.

மழை விட்டிருந்தது. எதிர்மலையில் பனி ஏறி, பெக்டரியின் தகரம் மட்டும் வெளியே தெரிந்தது. பெரியம்மா இஸ்தோப்புக்கு வந்து நின்றார்.

"ரெண்டு கண்ணையும் ஒண்ணாவா செய்வாங்க?"

"இல்ல. மொதல்ல ஒண்ணு. அது ஆறின பொறகு மத்தது."

"எது மொதல்ல?"

"அநேகமா எது கூட மங்கலோ அது. டாக்டர் பாத்துச் சொல்லுவார்."

இடது உள்ளங்கையால் இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு பெக்டரியைப் பார்த்தார். பிறகு வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். திரும்பவும் இடது.

"இதுல பெக்டரியே இல்லடா தம்பி," என்றார், வலக் கண்ணைத் தொட்டுக் காட்டி. "செவ்வாக்கெழம மொத பஸ் எத்தன மணிக்கு?"